நுரையீரல் புற்றுநோய் வந்த வீட்டுக்கு யார் துணை? நாங்கள் தேடிப் பார்த்தவை

அம்மாவின் முகமெல்லாம் கொப்புளம் கிளம்பியபோது பக்கத்து வீட்டு அத்தை எங்கள் நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார். அம்மை என்று நினைத்துக்கொண்டார். அம்மாவும் மறுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு யாரும் வாசல்படி ஏறவில்லை. எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டார்கள். அது ஜெஃபிடினிப் மாத்திரையின் வேலை. நுரையீரல் புற்றுநோய்க்காகத் தினம் ஒன்று, 250 மில்லிகிராம். "அம்மைன்னே இருக்கட்டும்டா, பத்து நாள்ல எறங்கிரும்னாவது நினைப்பாங்க" என்றாள்.

சிகிச்சை பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த நோயை வைத்துக்கொண்டு வீட்டில் நாளை ஓட்ட யாரைத் துணைக்குச் சேர்ப்பது என்பதுதான் இரண்டரை வருஷமாக எங்களுக்குப் பெரிய கேள்வி. சொந்தக்காரர்கள், ஆஸ்பத்திரி ஆலோசகர், நோயாளிகள் குழு, வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்க வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் என்று நாலையும் பார்த்துவிட்டோம். நாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எனக்கு உதவியது அம்மாவுக்கு ஆகவில்லை, அம்மாவுக்கு ஆனதைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மாவுக்கு அப்போது 58 வயது. நாலு மாதமாக விடாத இருமல். டவுனில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயில் ஏதோ திட்டைப் பார்த்துவிட்டு, சளிப் பரிசோதனைகூட எடுக்காமல் டி.பி. மாத்திரை ஆரம்பித்தார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நாங்களும் நம்பினோம். அந்த மாத்திரையை யார் விழுங்கினாலும் அப்படித்தான் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் அதில் போயிற்று. அப்புறம் திருச்சியில் சி.டி. ஸ்கேன், நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை எடுத்துப் பரிசோதனை. அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை, அதாவது பரவிவிட்டது என்று வந்தது.

"அம்மாவுக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். கிடையாது. முப்பது வருஷம் விறகடுப்பு ஊதியிருக்கிறாள், அவ்வளவுதான். அதனால்தான் வந்தது என்று ஒரு ஆளைக் காட்டி யாராலும் சொல்லிவிட முடியாது. மரபணுப் பரிசோதனையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில், புற்றுநோயை வளரத் தூண்டும் மாற்றம் இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்த வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இது இருக்கிறது, புகை பிடிக்காதவர்களிடம் இன்னும் அதிகம். அது இருந்ததால்தான் கீமோவுக்குப் பதில் மாத்திரை. வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த பெரியவர் நாற்பது வருஷம் பீடி குடித்தவர். "உங்கம்மாவுக்காவது பாவம்னு சொல்ல ஆள் இருக்கு தம்பி, எனக்கு அதுவும் இல்லை" என்றார். மூச்சு இரைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. துணை தேடும்போது வேறு எந்தப் புற்றுநோய்க்கும் இவ்வளவு இல்லாத ஒரு தடை இந்த நோய்க்கு உண்டு. கேட்பதற்கு முன்னாலேயே பாதிப் பேர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம், சாப்பாடு, ஆஸ்பத்திரியில் ராத்திரித் துணை, இந்த மூன்றுக்கும் அவர்களை விட்டால் ஆள் கிடையாது. மாமா கேட்காமலேயே ஐம்பதாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அதே வீட்டிலிருந்து முள் சீத்தா இலைக் கஷாயமும் வந்தது. அழுதுகொண்டே வந்து, அம்மாவே அவர்களைத் தேற்றி அனுப்ப வேண்டியிருந்த சித்திகளும் வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து செய்த பெரிய காரியம், அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தது. "நெஞ்சுல சளி கட்டியிருக்கு" என்றே எல்லோரும் பேசினோம்.

இரண்டாவது கருத்துக் கேட்க அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போனோம். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, சாந்தா அம்மையார் கடைசிவரை இருந்து வளர்த்தது, தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே என்ன நோய் என்று தெரிந்துவிடும். பெயரைச் சொல்லாமல் கூட்டிப் போய்விடலாம் என்று நான் நினைத்ததுதான் வேடிக்கை. பஸ் நின்றதும் கண்டக்டர் "கேன்சர் ஆஸ்பத்திரி எல்லாம் எறங்கு" என்று சத்தம் போட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்று முழுக்க ஒன்றும் கேட்கவில்லை.

இங்கேதான் ஆலோசகரின் வேலை வருகிறது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மனநல ஆலோசகரோ சமூகப் பணியாளரோ இருப்பார்கள், அடையாறில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. அங்கே கவுன்சிலிங் என்றால் மனசு சரியில்லாதவர்களுக்கு என்று நினைத்து நாங்கள் போயிருக்கவே மாட்டோம், திருச்சி டாக்டர் சீட்டில் எழுதி அனுப்பினார். ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். அம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன உடம்புக்குன்னு நீங்க நினைக்கிறீங்கம்மா?" அம்மா, "கேன்சர்தான். இதுகளுக்குத் தெரியக்கூடாதுன்னு நானும் பேசாம இருக்கேன்" என்றாள். மூன்று மாதமாக இரண்டு பக்கமும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு விஷயத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டிருக்கும் வரை குழு, நர்ஸ், போன் உதவி எதையுமே பயன்படுத்த முடியாது. யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி "அம்மா முன்னாடி சொல்லிராதீங்க" என்று எச்சரிப்பதிலேயே பாதி உயிர் போகிறது.

ஆலோசகர்களால் இன்னொரு பலன் காகித வேலை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும், அதற்கு எந்தெந்தச் சீட்டு வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். சிகிச்சைக்குப் போகும்போது ரயிலில் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி என்பதையும் அவர்தான் சொன்னார். அதற்கு முன்னால் நாலு தடவை முழுக் காசு கொடுத்துப் போய் வந்திருந்தோம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் அவர் இருப்பார். மற்ற நாளெல்லாம் அவருக்கும் நமக்கும் நடுவில் எட்டு மணி நேரப் பயணம் கிடக்கிறது.

அடுத்தது நோயாளிகள் குழு. இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். புற்றுநோய் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்து, திருச்சியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். நல்ல மனுஷர்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள். ஒருவர் எழுந்து பத்து வருஷம் ஆயிற்று என்றார், கைதட்டினார்கள். இன்னொருவர் பதினாலு என்றார். அம்மாவும் தட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்கு எத்தனை மாசம்னு சொல்லி எந்திரிக்கிறது?" என்று கேட்டாள். நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயில் குணமாகி முடிந்துவிட்டது என்ற பேச்சு அனேகமாகக் கிடையாது. மருந்து கேட்கும் வரை ஓட்டுவது, அது நின்றதும் அடுத்தது. அந்த வாழ்க்கைக்குக் கைதட்டல் கூட்டம் பொருந்தவில்லை. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அதே கூட்டம் பெரிய தெம்பாக இருக்கலாம்.

அம்மாவுக்கு ஆகாத இடத்தில் எனக்கு வழி கிடைத்தது. நுரையீரல் புற்றுநோய்க்கென்றே, அதிலும் ஒவ்வொரு மரபணு மாற்றத்துக்கென்றே தனித்தனிக் குழுக்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. மும்பையில் லங் கனெக்ட் இந்தியா என்ற அமைப்பு இந்த ஒரு நோய்க்காரர்களுக்காகவே இயங்குகிறது. நான் சேர்ந்தது ஒரு வாட்ஸ்அப் குழு. இ.ஜி.எஃப்.ஆர். உள்ளவர்களின் பிள்ளைகள், மருமகள்கள், கணவர்கள். பேச்சு முழுக்க ஆங்கிலமும் இந்தியும். அம்மாவுக்கு அதில் ஒரு வரி புரியாது.

ஆனால் நகச்சுற்று வந்து அம்மா விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அது மாத்திரையின் பக்கவிளைவு, புண் உள்ள இடத்தில் எலுமிச்சை வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று பத்து நிமிஷத்தில் பதில் சொன்னது அந்தக் குழுதான். இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. வயிற்றெரிச்சலுக்காக அக்கா மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, ஜெஃபிடினிப் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்று அதை நிறுத்தி வேறு வழி சொன்னார். அவர் கேட்காததற்குக் காரணம் நாங்கள் சொல்லாததுதான்.

இந்தக் குழுக்களுக்கு விலையும் உண்டு. காலையில் எழுந்து போனைத் திறந்தால் முந்தின நாள் சந்தேகம் கேட்டவரின் அப்பா இறந்த செய்தி இருக்கும். எந்த மருந்து எத்தனை மாதம் கேட்டது என்று அடுத்தவர் கணக்கை வைத்து நம் வீட்டுக் காலண்டரைப் பார்க்கத் தோன்றும். மருந்து விற்கிற ஆட்களும் நோயாளி வேஷத்தில் நுழைவார்கள். நான் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்கிற விஷயத்தைக் கேள்வியாக டாக்டரிடம் கொண்டுபோகலாம், முடிவாகக் கொண்டுபோகக்கூடாது.

இனி பாலியேட்டிவ் கேர். அரசு இதை வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்கிறது. எங்களுக்கு இது கடைசியில் வந்தது, முதலில் வந்திருக்க வேண்டும். "இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்லை" என்றால்தான் அங்கே அனுப்புவார்கள் என்று எங்கள் வீட்டில் மட்டுமில்லை, சில டாக்டர்களே நினைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, பாதிப் பேருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கவனிப்பு. இரண்டாவது கூட்டத்துக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை வாங்கியவர்கள் குறைவு. இருந்தும் அவர்கள் வாழ்ந்த காலம் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. நோய் தெரிந்த வாரமே இந்தத் தாள் கையில் கிடைத்திருந்தால் நான் வேறு மாதிரி அலைந்திருப்பேன்.

எங்களுக்கு அது வந்தது ஒரு ராத்திரியால். மணி இரண்டு இருக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு மேலே மட்டும் போகிறது, கீழே இறங்கவில்லை. 108ஐக் கூப்பிட்டோம். மாவட்ட ஆஸ்பத்திரியில் நீர் கொஞ்சம்தான் சேர்ந்திருக்கிறது, எடுக்கும் அளவுக்கு இல்லை என்று ஆக்சிஜன் வைத்து மதியம் அனுப்பிவிட்டார்கள். மறுவாரமும் அதே. மூன்றாம் தடவை அங்கே ஒரு நர்ஸ்தான், உங்கள் வட்டாரத்துக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருவார்களே, பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. பி.பி., சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதிலேயே படுக்கையில் இருப்பவர்களுக்கும் புற்றுநோய்க்காரர்களுக்கும் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள்.

வந்த சிஸ்டர் முதல் நாள் மருந்துப் பையையே திறக்கவில்லை. வீட்டில் டேபிள் ஃபேன் இருக்கிறதா என்றார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே அரிசி டிரம்மின் மேல் இரண்டு தலைகாணியை அடுக்கி, முழங்கைகளை அதில் ஊன்றிக் கவிழ்ந்து சாயச் சொன்னார். ஃபேனைக் கன்னத்துக்கும் மூக்குக்கும் நேராக, கை நீட்டும் தூரத்தில் வைத்தார். "விளக்கை ஊதி அணைக்கிறாப்ல வாயைக் குவிச்சு மெதுவா விடுங்கம்மா. இழுக்கிறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தானா வரும்." முகத்தில் காற்றுப் பட்டால் மூளைக்கு மூச்சுத் திணறலின் பதற்றம் குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதற்குப் பிறகு ராத்திரியில் நாங்கள் 108ஐக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.

அப்புறம் மார்ஃபின். அந்தப் பேரைக் கேட்டதும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அது சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் வலிக்கு மட்டுமில்லாமல் மூச்சு இரைப்புக்கும் உதவும், டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடும் வரை பயப்பட ஒன்றுமில்லை, மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதனால் அதற்கான மருந்தையும் அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்று சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். 1985ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தால் இந்த மருந்து கிடைப்பதே அபூர்வமாக இருந்தது, 2014இல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்றும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அதற்கென அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும். எது பக்கத்தில் என்று தேவை வருவதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் சிஸ்டர் அம்மாவுக்கு பி.பி. பார்த்துவிட்டு, அந்தப் பட்டையை அப்படியே அக்கா கையில் சுற்றினார். 160க்கு 100. அக்காவுக்கு 39 வயது. அம்மாவோடு அவள்தான் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள். ஒன்றரை வருஷத்தில் அவளை உட்காரவைத்துப் பார்த்த முதல் ஆள் அந்த சிஸ்டர்தான். நானும் பார்க்கவில்லை.

குறை இல்லாமலா? அவர் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வர முடியும், கையில் அத்தனை ஊர் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கத்தில் அந்தந்த ஊர்க்காரர்களே வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளி வீடுகளுக்குப் போகிறார்கள். எங்கள் பக்கம் அந்த நடுப்படி இல்லை. நர்ஸ் வராத நாளில் யாரும் இல்லை. சென்னை போன்ற ஊர்களில் தொண்டு அமைப்புகளின் வீட்டுக் கவனிப்பும், ஜீவோதயா மாதிரி இலவசமாகத் தங்கவைத்துப் பார்க்கும் ஹாஸ்பிஸும் இருக்கின்றன. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை, அல்லது வலி அடங்கவே மாட்டேன் என்கிறது என்றால் ஹாஸ்பிஸ் நல்ல வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அண்ணன் இதற்காகவே அம்மாவைச் சென்னைக்கு வந்து இருக்கச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரி அரை மணி நேரத்தில். ஆனால் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, பேச்சுக்கு ஆள் கிடையாது. பதினேழு நாள் இருந்துவிட்டு அம்மா திரும்பிவிட்டாள். கீமோவோ கதிர்வீச்சோ நடக்கிற மாதங்களில் ஆஸ்பத்திரி பக்கம் தங்குவதே சரி. மாத்திரையில் ஓடுகிற காலத்துக்கு வீடுதான் என்பது என் கணக்கு.

போன் வசதிகளைத் தனித் துணையாக நான் எண்ணவில்லை. அரசின் மருத்துவத் தகவல் எண்ணான 104இல் எந்தத் திட்டம் எங்கே என்று கேட்கலாம். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கு, தமிழிலும் பேசுகிறார்கள். அக்கா ஒரு ராத்திரி அதில் பேசியிருக்கிறாள், என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

சரி, எதை எடுப்பது? ஒன்றே ஒன்று முடியும் என்றால் பாலியேட்டிவ் நர்ஸைப் பதிந்துகொள்ளுங்கள், அதுவும் மருந்து ஆரம்பிக்கிற மாதத்திலேயே. உண்மையைப் பேச முடியாமல் வீடு இறுகிப்போயிருந்தால் அதற்கும் முன்னால் ஆலோசகர். குழு, பார்த்துக்கொள்கிறவருக்கு. நோயாளி தானே கேட்டால் மட்டும் அவரையும் சேருங்கள். சொந்தக்காரர்களிடம் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பதற்கு "வியாழக்கிழமை ராத்திரி நீ வந்து படு, அக்கா தூங்கட்டும்" என்று நாளும் வேலையும் சொல்லிப் பழகுங்கள். எங்கள் மாமன் மகள் இப்போது வியாழன்தோறும் வருகிறாள்.

ஜெஃபிடினிப் பதினாலு மாதம் கேட்டது. இப்போது வேறு மாத்திரை. சென்ற தையில் சிஸ்டர் அம்மாவிடம் ஒன்று கேட்டார். நாலு ஊர் தள்ளி ஒரு அம்மாவுக்கு இதே நோய், புதிது, யாரோடும் பேசுவதில்லை, அவர்கள் வீட்டில் சரி என்கிறார்கள், ஒரு தடவை வருகிறீர்களா? கூட்டத்தையும் குழுவையும் வேண்டாம் என்றவள் இதற்கு மறுநாளே கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் நானும் போனேன். இரண்டு பேரும் முதல் அரைமணி நேரம் மாட்டுத் தீவன விலை பேசினார்கள். அந்த அம்மாவின் கன்னத்திலும் கொப்புளம் இருந்தது, வாசலில் வேப்பிலை இருந்தது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "உங்க வீட்ல டேபிள் ஃபேன் இருக்கா?" என்று கேட்டாள்.